கழுத்துத் தமனியும் பக்கவாதமும்: மருத்துவ ஒப்பீட்டு ஆய்வின் வரலாறு

முன்னுரை

உடலின் ஒரு பாதி செயலிழந்துபோகும் நோய் தமிழில் பக்கவாதம் என்றும் பாரிசவாதம் என்றும் வழங்கப்பெறுகிறது. இப்பெயர்களில் முற்பகுதி நோய் வெளிப்படும் முறையையும், பிற்பகுதி அதன் காரணமாகக் கருதப்பட்ட வளியையும் குறிக்கின்றன. கிரேக்கர் இந்நோயை 'அப்போபிளெக்ஸியா' என்றனர். அடித்து வீழ்த்தப்படுதல் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸ்ட்ரோக்' என்னும் சொல்லும் அடி என்னும் பொருளுடையதே. பெயரிட்ட இரு மரபினரும் நோயின் வேகத்தையும் விளைவையும் கண்டனர். அது புறப்படும் இடத்தை அறிந்திலர். நோயாளருள் ஒரு பகுதியினர்க்கு மூளைக்குக் குருதி செல்லும் வழியில், கழுத்தில் உள்ள தமனியில் படியும் கொழுப்பே காரணம் என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் தெளிவாயிற்று.

காரணம் தெளிவானதும் தீர்வும் எளிதென்று தோன்றியது. அடைப்பை அகற்றினால் நோய் அகலும் என மருத்துவ உலகம் நம்பியது. ஆயின் அந்த நம்பிக்கை எவருக்குப் பொருந்தும், எவருக்குப் பொருந்தாது என்பதை அறிய மேலும் 40 ஆண்டுகள் தேவைப்பட்டன. அறுவை பெற்றவரின் நிலையை மட்டும் நோக்காது, அதே காலத்தில் அறுவை பெறாதவரின் நிலையையும் உடன் வைத்து நோக்கும் ஒப்பீட்டு முறையே இவ்வினாவுக்கு விடை தந்தது. அம்முறை உருவான வரலாற்றையும், அது தந்த விடைகள் காலத்திற்கேற்ப மாறி வந்தமையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் உறுப்பும்

கழுத்தின் இருபுறமும் மேலேறும் தமனிகளுக்குக் 'கரோடிட்' என்னும் பெயர் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. மயக்கத்தில் ஆழ்த்துதல் என்னும் பொருளுடைய வினைச்சொல் அதன் வேர். இத்தமனிகளை அழுத்தினால் மனிதன் உணர்விழப்பான் என்னும் பழங்கருத்தே பெயருக்கு அடிப்படை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் விலங்குகளில் சோதனை செய்து இக்கருத்தை மறுத்தார். தமனியோடு சேர்த்து நரம்பு அழுத்தப்படுவதே விளைவுக்குக் காரணம் என்றார். பெயர் கழுத்துக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பைச் சுட்டியிருந்தும், பக்கவாதத்தின் காரணத்தைத் தேடியவர்கள் நெடுங்காலம் கழுத்தை நோக்கவில்லை.

சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகர மருத்துவர் யோஹான் யாக்கோப் வெப்ஃபர் 1658இல் வெளியிட்ட நூலில், பக்கவாதத்தால் இறந்தோரின் மூளையில் குருதிக் கசிவைக் கண்டு பதிவு செய்தார். 1664இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் ஒன்றோடொன்று வளையமாக இணைந்திருப்பதை விளக்கினார். ஒரு பக்கக் கழுத்துத் தமனி முற்றிலும் அடைபட்டிருந்தும் பக்கவாதம் வராமலே வேறு நோயால் இறந்த ஒருவரையும் அவர் குறிப்பிட்டார். ஒருவழி அடைபட்டால் மறுவழியாகக் குருதி பாயும் என்பது அவர் கண்ட உண்மை. அடைப்பு இருப்பவரெல்லாம் நோயாளராவதில்லை என்னும் இச்செய்தி, மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த பெரும் விவாதத்திற்கு முன்னோடி எனலாம்.

தமனியின் உட்சுவரில் தோன்றும் படிவுக்கு 'அதிரோமா' என்னும் சொல்லை 18ஆம் நூற்றாண்டில் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் ஆண்டார். கூழைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. படிவை அறுத்தால் உள்ளே கூழ் போன்ற பொருள் காணப்படுவதே காரணம். 1904இல் பெலிக்ஸ் மார்ச்சண்டு அதனோடு கடினப்படுதலைக் குறிக்கும் சொல்லை இணைத்து 'அதிரோஸ்கிளிரோசிஸ்' என்றார். இடைப்பட்ட காலத்தில் ருடால்ஃப் விர்ச்சோ, குருதி ஓரிடத்தில் உறைந்து, அவ்வுறைவின் துணுக்கு பெயர்ந்து சென்று வேறோரிடத்தை அடைக்கக்கூடும் என நிறுவினார். கூழ்ப்படிவு, உறைவு, பெயர்ந்து செல்லும் துணுக்கு ஆகிய மூன்றும் அறியப்பட்டுவிட்டன; அவற்றைக் கழுத்தோடும் பக்கவாதத்தோடும் இணைத்துக் காண்பதே எஞ்சியிருந்தது.

மூளையிலிருந்து கழுத்துக்கு

1905இல் பிராக் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் கியாரி, பிணப்பரிசோதனைகளில் கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் புண்பட்ட படிவுகளையும் அவற்றின்மீது உறைவுகளையும் கண்டார். அங்கிருந்து துணுக்குகள் மூளைக்குச் செல்லக்கூடும் என்றும் கருதினார். 1914இல் நியூயார்க்கைச் சேர்ந்த ராம்சே ஹன்ட், பக்கவாத நோயாளர் அனைவருக்கும் கழுத்துத் தமனியையும் ஆராய வேண்டும் என வலியுறுத்தினார். இவ்விருவர் கூற்றும் பரவலான கவனம் பெறவில்லை. பிணப்பரிசோதனையில் கழுத்துத் தமனியைத் திறந்து பார்க்கும் வழக்கம் அரிதாக இருந்ததே அதற்கு முதன்மைக் காரணம். ஆராயப்படாத இடத்தில் நோய் இல்லை என்று கொள்ளப்பட்டது.

உயிருள்ளோரின் தமனியைக் காணும் வழியை லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் 1927இல் கண்டறிந்தார். எக்ஸ் கதிரில் தெரியும் நீர்மத்தைத் தமனிக்குள் செலுத்திப் படம் எடுக்கும் முறை அது. 1937இல் அவரும் அவருடன் பணியாற்றியோரும் உயிருள்ள நோயாளரிடம் கழுத்துத் தமனி அடைப்பைப் படத்தில் காட்டினர்.

இவற்றை ஒரு கோவையாக இணைத்தவர் கனடிய மருத்துவர் சார்லஸ் மில்லர் பிஷர். 1951இல் அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் திருப்புமுனை எனக் கருதப்படுகிறது. முழுமையான பக்கவாதம் வருமுன் பலருக்குச் சில நிமிடங்களே நீடிக்கும் முன்னறிகுறிகள் தோன்றி மறைவதை அவர் நோயாளரைக் கேட்டறிந்தார். சிலருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிப் பின் தெளிந்தது. எதிர்ப்பக்கக் கை வலுவிழந்து பின் சீரானது. இடக்கண்ணுக்கும், வலக்கையை இயக்கும் இடப்பக்க மூளைக்கும் குருதி தருவது இடக் கழுத்துத் தமனியே. ஆகவே இவ்விரு அறிகுறிகளும் ஒருவரிடமே தோன்றுவது கழுத்தைச் சுட்டும் சான்றாயிற்று. அடைப்பைத் தாண்டிக் குருதியைச் செலுத்தும் அறுவை ஒருநாள் இயலும் என்றும் பிஷர் அக்கட்டுரையிலேயே எதிர்நோக்கினார்.

சான்றுக்கு முந்திய அறுவை

அந்த நாள் விரைந்து வந்தது. 1951இலேயே புவெனஸ் அயர்ஸில் கரேயாவும் அவர்தம் குழுவினரும் குறுகிய பகுதியை நீக்கித் தமனியை மீண்டும் இணைத்தனர். இச்செய்தி 1955இல் வெளியாயிற்று. 1953 ஆகஸ்டில் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி தமனியைத் திறந்து படிவை அகற்றித் தைத்தார். இதனை அவர் 1975இல்தான் விரிவாக எழுதினார். அந்நோயாளர் மீண்டும் பக்கவாதம் காணாமல் 19 ஆண்டுகள் வாழ்ந்து, இதயத் தமனி நோயால் இறந்தார். 1954 மே மாதத்தில் இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஈஸ்ட்காட், பிக்கரிங், ராப் ஆகியோர் செய்த அறுவையே அவ்வாண்டில் 'லான்செட்' இதழ் வழியாக உலகறியப் பரவியது.

ஒவ்வொரு வெற்றியும் உண்மையே. எனினும் தனித்தனி வெற்றிகளால் ஒரு வினாவுக்கு விடை கிட்டாது. அறுவை செய்யாதிருந்தால் அந்நோயாளருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதே அவ்வினா. மேலும் இந்த அறுவையில் ஒரு தனித்த முரண் உண்டு. தமனியைக் கையாளும்போதே படிவிலிருந்து துணுக்கு பெயர்ந்து மூளையை அடையக்கூடும். எந்நோயைத் தடுக்க அறுவை செய்யப்படுகிறதோ, அந்நோயையே அறுவை உண்டாக்கவும் கூடும். இன்றைய உறுதியான ஆபத்தை ஏற்று நாளைய நிகழக்கூடிய ஆபத்தைத் தவிர்ப்பது இலாபமா என்பதை எண்ணிக்கை கொண்டே அறிய இயலும்.

1959இல் அமெரிக்காவில் தொடங்கிய கூட்டாய்வு அதற்கான முதல் முயற்சி. 316 நோயாளர் குறித்த அதன் முடிவு 1970இல் வெளியாயிற்று. அறுவையின்போது நேர்ந்த பக்கவாதமும் மரணமும், பின்னர்க் கிடைத்த நன்மையைப் பெரிதும் ஈடுசெய்துவிட்டன. ஆயினும் அறுவை குறையவில்லை. அமெரிக்காவில் 1971இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 ஆக இருந்த கழுத்துத் தமனி அறுவைகள் 1985இல் 1,07,000 ஆகப் பெருகின. நம்பிக்கை சான்றுக்காகக் காத்திருக்கவில்லை என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

ஒப்பீட்டின் வெற்றி

நோயாளரைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் புதிய சிகிச்சையும் மற்றதற்கு வழக்கமான சிகிச்சையும் அளித்து இரண்டையும் ஒத்துநோக்குவது இவ்வாய்வு முறையின் சாரம். எவரை எக்குழுவில் சேர்ப்பது என்பதை மருத்துவரின் விருப்பம் தீர்மானிப்பதில்லை. உடல்நலம் மிக்கோரை மட்டும் அறுவைக்குத் தெரிந்தெடுத்துப் பின் அறுவையைப் புகழும் பிழை இதனால் தவிர்க்கப்படுகிறது.

பக்கவாத ஆய்வில் இம்முறையை நிலைநாட்டியவருள் கனடாவைச் சேர்ந்த ஹென்றி பார்னெட் முதன்மையானவர். 1978இல் அவர் தலைமையிலான கனடியக் கூட்டாய்வு 585 நோயாளரிடையே ஆஸ்பிரினின் பயனைக் காட்டியது. அடுத்து அவர் எடுத்துக்கொண்டது, மண்டையோட்டின் வெளித்தமனியை மூளைத் தமனியோடு இணைத்து அடைப்பைச் சுற்றிச் செல்லவிடும் அறுவை. கருத்தளவில் குறைகாண இயலாத சிகிச்சை அது. 1,377 நோயாளரைக் கொண்ட ஆய்வின் முடிவு 1985இல் வெளிவந்தபோது, அவ்வறுவையால் பக்கவாதம் குறையவில்லை என்பது தெரிந்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது. எனினும் கழுத்துத் தமனி அறுவையையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது.

1991இல் இரு பெரும் ஆய்வுகளின் முடிவுகள் வெளியாயின. ஒன்று பார்னெட் தலைமையிலான வட அமெரிக்க ஆய்வு. மற்றது எடின்பரோவில் சார்லஸ் வார்லோ தலைமையிலான ஐரோப்பிய ஆய்வு. இவற்றில் சேர்க்கப்பட்டோர் அண்மையில் முன்னறிகுறியோ சிறு பக்கவாதமோ கண்டவர்கள். 70 முதல் 99 விழுக்காடு வரை குறுக்கம் உடைய 659 பேரிடையே, ஈராண்டுகளில் அதே பக்கப் பக்கவாதம் மருந்துக் குழுவில் 26 விழுக்காட்டினருக்கும், அறுவைக் குழுவில் 9 விழுக்காட்டினருக்கும் நேர்ந்ததை வட அமெரிக்க ஆய்வு கண்டது. ஆறு பேருக்கு அறுவை செய்தால் ஒருவர் ஈராண்டுக்குள் வரும் பக்கவாதத்திலிருந்து காக்கப்படுவார் என்பது இதன் பொருள். 1970இல் விளங்காத நன்மை, தக்க நோயாளரையும் தக்க அறுவை மருத்துவரையும் தெரிந்தெடுத்தபோது விளங்கிற்று. 1998இல் வெளியான தொடர்முடிவு, 50 முதல் 69 விழுக்காட்டுக் குறுக்கத்தில் பயன் சிறிது என்றும், 50க்குக் கீழ் பயன் இல்லை என்றும் வரையறுத்தது.

குறுக்கத்தை அளக்கும் முறையில் இவ்விரு ஆய்வுகளும் வேறுபட்டன என்பது இங்கு நோக்கத்தக்கது. வட அமெரிக்கர் குறுகிய இடத்தை அதற்கு மேலுள்ள இயல்பான தமனியோடு ஒப்பிட்டனர். ஐரோப்பியர் அவ்விடத்தின் முந்தைய அகலத்தை ஊகித்து அதனோடு ஒப்பிட்டனர். ஆகவே ஒரே தமனி ஓர் ஆய்வில் 70 என்றும் மற்றதில் 80க்கு மேல் என்றும் கணக்கிடப்படலாம். எண்ணை மட்டும் கூறி அளவுமுறையைக் கூறாதவிடத்து அவ்வெண் பொருளற்றதாகிவிடும். 2004இல் ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ராத்வெல்லும் அவர்தம் குழுவினரும் இவ்வாய்வுகளின் தரவுகளை ஒரே அளவுமுறைக்குக் கொணர்ந்து இணைத்து ஆராய்ந்தனர். அறிகுறி தோன்றிய இரு வாரங்களுக்குள் செய்யப்படும் அறுவையே மிகுந்த பயன் தருகிறது என்பதும், காலம் தாழ்ந்தால் பயன் விரைந்து தேய்கிறது என்பதும் அதனால் புலனாயின.

அறிகுறியற்றோர் பற்றிய வினா

இதுவரை கூறப்பட்டது அறிகுறி கண்டவர் பற்றியது. அல்ட்ராசவுண்ட் கருவி பரவியபின், எவ்விதத் துன்பமும் இல்லாதவரின் கழுத்திலும் குறுக்கம் கண்டறியப்படலாயிற்று. வில்லிஸ் கண்ட மனிதரைப் போன்றவர்கள் இவர்கள். நலமாக நடமாடும் ஒருவரிடம் அறுவைக்கு உடன்படுமாறு கூறுவது தகுமா என்பதே இங்கு எழும் அறவினா.

1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்ட குறுக்கம் கொண்ட 1,662 பேர் சேர்க்கப்பட்டனர். ஐந்தாண்டில் பக்கவாதம் அல்லது அறுவைக்கால மரணம் நேரும் வாய்ப்பு மருந்துக் குழுவில் 11 விழுக்காடாகவும் அறுவைக் குழுவில் 5.1 விழுக்காடாகவும் மதிப்பிடப்பட்டது. 2004இல் 3,120 பேரைக் கொண்ட ஐரோப்பியத் தலைமையிலான ஆய்வும் ஏறத்தாழ இதே அளவைத் தந்தது. அதில் அவை முறையே 11.8, 6.4 விழுக்காடுகள். ஆபத்து பாதியாகக் குறைந்தது என்று இதைக் கூறலாம். ஒருவரைக் காக்க 17 முதல் 19 பேருக்கு அறுவை செய்து ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்றும் கூறலாம். இரண்டும் ஒரே கணக்கின் இரு கூற்றுகள். நோயாளர் எக்கூற்றைக் கேட்கிறாரோ அதற்கேற்ப அவர் முடிவு மாறக்கூடும்.

மாறிய ஒப்பீட்டுக் குழு

இவ்வாய்வுகள் நிகழ்ந்த காலத்திலேயே மருந்துச் சிகிச்சை மாறிக்கொண்டிருந்தது. 1913இல் ரஷ்யாவில் நிக்கோலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்டிரால் ஊட்டித் தமனிப் படிவை உண்டாக்கிக் காட்டியிருந்தார். 1970களில் ஜப்பானிய ஆய்வாளர் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். 1994இல் ஸ்காண்டிநேவிய ஆய்வு 4,444 இதயநோயாளரிடையே இவ்வகை மருந்து மரணத்தைக் குறைப்பதை நிறுவியது. 2006இல் 4,731 பேரைக் கொண்ட மற்றோர் ஆய்வு, பக்கவாதமோ முன்னறிகுறியோ கண்டவர்க்கு மறுபக்கவாதத்தையும் அது குறைப்பதைக் காட்டியது. குருதி அழுத்தக் கட்டுப்பாடும் புகையிலையைக் கைவிடுதலும் இதனோடு சேர்ந்தன. 1990களின் மருந்துக் குழுவும் இன்றைய மருந்துக் குழுவும் ஒன்றல்ல.

தீவிர மருந்துச் சிகிச்சையின் ஆற்றல் 2011இல் வெளிப்பட்டது. மூளைக்குள் உள்ள தமனிக் குறுக்கத்திற்கு ஸ்டென்ட் பொருத்தும் முறையை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு 451 பேரோடு இடையிலேயே நிறுத்தப்பட்டது. முதல் 30 நாட்களில் பக்கவாதமோ மரணமோ ஸ்டென்ட் குழுவில் 14.7 விழுக்காட்டினருக்கும் மருந்துக் குழுவில் 5.8 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தமையே காரணம். கழுத்துத் தமனியிலோ ஸ்டென்ட் வேறு விளைவைத் தந்தது. 2010இல் 2,502 பேரைக் கொண்ட ஆய்வு, மொத்த விளைவில் அறுவையும் ஸ்டென்ட்டும் ஏறத்தாழச் சமம் என்றது. ஆயின் சிகிச்சைக் காலத்தில் ஸ்டென்ட் குழுவில் பக்கவாதமும் அறுவைக் குழுவில் மாரடைப்பும் மிகுந்திருந்தன.

எனவே பழைய வினாவைப் புதிய மருந்துகளோடு மீண்டும் கேட்க வேண்டியதாயிற்று. 70 விழுக்காடும் அதற்கு மேலும் குறுக்கம் உடைய, அறிகுறியற்ற 2,485 பேரைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட இணை ஆய்வுகளின் முடிவு 2025 நவம்பரில் வெளியாயிற்று. நான்காண்டில், சிகிச்சைக் காலப் பக்கவாதம் அல்லது மரணம், அதன்பின் அதே பக்கப் பக்கவாதம் ஆகியன கணக்கிடப்பட்டன. ஸ்டென்ட் ஆய்வில் மருந்து மட்டும் பெற்றவரில் 6 விழுக்காட்டினருக்கும், ஸ்டென்ட்டும் சேர்த்துப் பெற்றவரில் 2.8 விழுக்காட்டினருக்கும் இவை நேர்ந்தன. அறுவை ஆய்வில் அவை முறையே 5.3, 3.7 விழுக்காடுகள், இவ்வேறுபாடு புள்ளியியல் உறுதியைப் பெறவில்லை. மருந்து மட்டும் பெற்ற 100 பேரில் ஏறத்தாழ 94 பேர் எச்சிகிச்சைத் தலையீடும் இன்றியே நான்காண்டுகளைத் தீங்கின்றிக் கடந்தனர் என்பதும், தேர்ந்த கைகளில் ஸ்டென்ட் மேலும் மூவரைக் காத்தது என்பதும் ஒருங்கே உண்மை.

இந்தியச் சூழல்

மேற்கண்ட ஆய்வுகளின் முடிவுகளை இந்தியாவில் பொருத்துங்கால் சில வேறுபாடுகளைக் கருத வேண்டும். ஆசிய மக்களிடையே கழுத்துத் தமனிக் குறுக்கத்தைவிட மூளைக்குள் உள்ள தமனிகளின் குறுக்கம் ஒப்பளவில் மிகுதி. அந்நிலையில் கழுத்து அறுவை பயன்படாது. மருந்தும் அழுத்தக் கட்டுப்பாடுமே முதன்மை. இந்தியா உள்ளிட்ட 22 நாடுகளில் நடைபெற்று 2010இல் வெளியான ஆய்வு, பக்கவாத ஆபத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு பத்துக் காரணிகளோடு தொடர்புடையது என்றும், அவற்றுள் உயர் குருதி அழுத்தமே தலையாயது என்றும் கண்டது.

கட்டணம் பெற்று நடத்தும் முழுவுடல் பரிசோதனைத் திட்டங்களில் கழுத்துத் தமனி ஸ்கேனும் சேர்க்கப்படுவதுண்டு. அறிகுறியற்ற பொதுமக்களுக்கு இச்சோதனை வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2014இலும் மீண்டும் 2021இலும் பரிந்துரைத்தது. அச்சோதனையால் விளையும் தேவையற்ற அறுவைகளின் தீங்கு நன்மையை விஞ்சும் என்பதே அதன் காரணம்.

மொழி சார்ந்த ஒரு முயற்சியும் இவ்வரலாற்றில் இடம்பெறத் தக்கது. பக்கவாதம் கண்டவர்க்குக் குறுஞ்செய்தி, காணொலி, கையேடு ஆகியவற்றை 12 மொழிகளில் வழங்கி, மறுதாக்கு குறைகிறதா என இந்தியாவின் 31 மருத்துவ மையங்களில் 4,298 பேரிடம் ஆராயப்பட்டது. 2023இல் வெளியான முடிவு, ஓராண்டில் மறுதாக்குக் குறையவில்லை என்றது. தாய்மொழியில் அறிவுறுத்தினால் பயன் விளையும் என்பது இயல்பான எதிர்பார்ப்பே. எனினும் அதுவும் சோதனைக்கு உட்பட்டதாதல் வேண்டும் என்னும் நேர்மையை இவ்வாய்வு கடைப்பிடித்தது.

முடிவுரை

கழுத்துத் தமனி நோயின் ஆய்வு வரலாற்றில் கண்டுபிடிப்புகளைவிடக் கணக்கெடுப்புகளே நோயாளரின் கதியை மிகுதியும் மாற்றின. கியாரி, ஹன்ட், பிஷர் ஆகியோர் நோயின் இருப்பிடத்தைக் காட்டினர். அறுவை மருத்துவர்கள் அதை அகற்றும் திறனைக் காட்டினர். ஆயின் எவருக்கு அகற்ற வேண்டும், எப்போது அகற்ற வேண்டும், எவரை அகற்றாது விட வேண்டும் என்பவற்றை, அறுவை பெறாது ஒப்பீட்டுக் குழுவில் நின்ற ஆயிரக்கணக்கான பெயரறியா நோயாளரே உலகுக்கு உணர்த்தினர்.

இவ்வாய்வுகளில் பெறப்பட்ட எண் ஒவ்வொன்றும் தன் காலத்துக்கு உரியது. 1995இன் 11 விழுக்காட்டை இன்றைய நோயாளரிடம் கூறுவது, மாறிவிட்ட மருந்துச் சிகிச்சையைக் கருதாமல் கூறுவதாகும். அறிகுறி கண்டவர்க்கு விரைவும், அறிகுறியற்றவர்க்கு நிதானமும் வேண்டும் என்பது இதுகாறும் பெறப்பட்ட தெளிவு. மருந்துகள் மேலும் மாறுந்தோறும் அந்நிதானத்தின் எல்லையும் மீண்டும் அளக்கப்பட வேண்டியதாகும்.